மம்பட்டி ஆணா, பெண்ணா?

போன மாதம் என் சிநேகிதன் சவரிமுத்து ஒரு மம்பட்டியோடு சண்டை போட்டான். மம்பட்டியை வைத்துக்கொண்டு அல்ல, மம்பட்டியோடுதான்.

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை ஸ்டோரில் வேலை அவனுக்கு. அணைக்கட்டு வேலைக்கு வந்திருக்கும் இத்தாலி இஞ்சினியருக்கு, சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. அவர் பாஷை கொஞ்சம் தெரிய வேண்டும். வேலை கிடைத்தால் தனிக் குவார்ட்டர்ஸ். லயத்து வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் புகைக்குள் சமைத்துக் குடித்தனம் நடத்தும் அவன் மனைவி பிலோமினாவுக்கு, அந்தக் குவார்ட்டர்ஸின் குசினிமேல்தான் கண். இது தவறினால் இன்னொன்று எங்கே வரப்போகிறது?

பாஷை சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மாதா கோயில் சுவாமி. அவரும் இத்தாலிக்காரர். அந்த ஊரில் பெயர்ச்சொல் பெரும்பாலும் தனியாக வெளியே கிளம்பாதாம்... முன்னால் துணைக்கு ஒரு குட்டிச் சொல். ஆண் என்றால் 'இல்', பெண் என்றால் 'லா'. 'உன்' போட்டால் ஏதோ ஓர் ஆண் சாமான். 'இல்' போட்டால் நமக்குத் தெரிந்த அதே சாமான். இதில் சவரிமுத்துவுக்குச் சிரமமே இல்லை. நம்ம துரை வேறு, ரோட்டில் போகிற ஒரு துரை வேறு. இது தெரியாமல் தோட்டத்தில் காலம் தள்ள முடியுமா?

ஆனால் உயிரில்லாத சாமானுக்கு ஆண், பெண் எப்படிப் பார்ப்பது? மனப்பாடம் செய்யச் சொன்னார் சுவாமி. கேட்பானா இவன்? தோட்டத்து வழக்கப்படி பிரித்துவிட்டான். கொழுந்தும் கூடையும் பெண்கள் கைப்படுவது, ஆகவே 'லா'. கவ்வாத்துக் கத்தியும் சுத்தியலும் ஆண்கள் பிடிப்பது, ஆகவே 'இல்'. என்ன அநியாயம், நாலும் சரியாகவே இருந்தன!

இண்டர்வியூவுக்கு ஆங்கிலம் பேச, பள்ளிக்கூட மாஸ்டரான நானும் போனேன். பிலோமினா சோற்றுப் பார்சலோடு வாசலில் நின்றாள். இஞ்சினியர் ஒவ்வொரு சாமானாகக் காட்டினார். மம்பட்டியின் முறை வந்தது. "இல் ஸாப்பா" என்றான் சவரிமுத்து. அவர் "லா" என்று திருத்தினார். தலையை ஆட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? ரோஷம் வந்துவிட்டது மனுஷனுக்கு.

"எங்க தோட்டத்துல மம்பட்டி புடிக்கிறது ஆம்பளைங்கதாங்க. சொல்லுங்க மாஸ்டர் அவருகிட்ட."

வேறு வழியில்லாமல் சொன்னேன். பிலோமினா வாசலிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"என்னங்க, அது பொம்பளையாவே இருந்துட்டுப் போகட்டும். நமக்கு வூடு வேணுமா, வேணாமா?"

சவரிமுத்து மம்பட்டியை முறைத்துக்கொண்டே "லா ஸாப்பா" என்றான். பிலோமினா சொன்னதையும் நான் ஆங்கிலத்தில் சொல்ல, இஞ்சினியர் விழுந்து விழுந்து சிரித்தார். மம்பட்டிக்காக இத்தனை மல்லுக்கட்டுகிறவன் எந்த மம்பட்டியையும் தொலைக்கமாட்டான் என்று வேலையைக் கொடுத்துவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸுக்குப் போனேன். பிலோமினா முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். குசினியில் சவரிமுத்து கண்ணைக் கசக்கிக்கொண்டு உலை வைத்துக்கொண்டிருந்தான். என்ன கூத்து இது என்று கேட்டேன்.

"அவரு வகுத்த சட்டந்தான் மாஸ்டர்," என்றாள். "சுவாமிகிட்ட விசாரிச்சேன். அந்த ஊருல அரிசி ஆம்பளையாம்."