மாஸ்க்குக்குள் ஒரு குலவை

இலுப்பூருக்குத் தெற்கே, கிரஷர் சத்தம் காதில் விழுகிற அந்த ஊரில் செவந்தியின் முகம் தெரியாதவர்களுக்குக்கூட அவள் குலவை தெரியும். மாரியம்மன் கோவிலிலிருந்து முளைப்பாரி கிளம்பும்போது செவந்தி நாக்கைச் சுழற்றி முதல் குலவையை எடுத்தால்தான் மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். கோவில் வாசலில் தொடங்கி, முளைப்பாரி வரிசை தெருமுனை திரும்பும் வரைக்கும் ஒரே மூச்சில் இழுப்பாள். அந்த ஒரு குலவைக்காக அவள் வருசம் முழுவதும் காத்திருப்பாள். எதிர்வீட்டு மூக்காயியும் காத்திருப்பாள், செவந்திக்கு என்றைக்குத் தொண்டை கட்டும் என்று.

இந்த வருசம் தை பிறந்ததிலிருந்து செவந்திக்கு இருமல். கிரஷரில் ஜல்லி அள்ளுகிறவள் என்பதால் தூசியின் மேல் பழியைப் போட்டாள். கிரஷருக்கு லீவான ஞாயிற்றுக்கிழமையும் இருமல் வந்தது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடித்தது. போட்ட ஜாக்கெட் தொளதொளத்தது. புருசன் அய்யாக்கண்ணு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது, "பங்குனித் திருவிழா முடியட்டும்" என்று சொல்லிவிட்டாள். காசநோய் என்று எழுதிவிட்டால் கூட்டத்தில் நிற்க விடமாட்டார்கள், முதல் குலவை மூக்காயி வாய்க்குப் போய்விடும் என்பதுதான் அவள் பயம்.

ஆனால் இருமலை எங்கே ஒளித்துவைப்பது? சுகாதார ஊழியர் பிரகதீஸ்வரி ஒருநாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, சளி எடுக்க ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தாள். அடி நெஞ்சிலிருந்து காறித் துப்பச் சொன்னாள். செவந்தி நல்ல பிள்ளையாக வாயைக் கொப்பளித்து, நாக்கு நுனியிலிருந்து கொஞ்சம் துப்பிக் கொடுத்தாள். 'வெறும் எச்சில், சளி இல்லை' என்று டப்பா திரும்பி வந்தது. அன்றைக்குச் செவந்தி வீட்டில் கறிக்குழம்பு.

அடுத்த வாரம் பிரகதீஸ்வரி ஒரு மாஸ்க்கோடு வந்தாள்.

"சளி வராதவங்களுக்கு இதை வச்சுப் பாக்குறாங்கக்கா. புதுசா சோதிச்சுப் பாக்குற மொறை. ஊசி இல்ல, ரத்தம் இல்ல, துப்பவும் வேணாம். மாட்டிக்கிட்டு அரைமணி நேரம் சும்மா மூச்சு விடுங்க, பேசுங்க, இருமல் வந்தா இருமுங்க. உள்ள ஒரு பட்டை இருக்கு பாருங்க, அதுல ஒட்டுறதை வச்சே கண்டுபிடிச்சிருவாங்க."

"மூச்சுலயேவா?"

"மூச்சுலயேதான்."

செவந்தி மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டப்பாவை ஏமாற்றியாயிற்று, மூச்சை எப்படி ஏமாற்றுவது? "நீ அடுத்த தெருவைப் பாத்துட்டு வா தாயி. நான் மாட்டிக்கிட்டு இருக்கேன்" என்று அனுப்பிவைத்தாள்.

ஸ்கூட்டி மறைந்ததும் கொல்லைக்குப் போனாள். அங்கே மூளிக்காது வெள்ளாடு வேப்பங்குழையைத் தின்றுவிட்டு அசைபோட்டுக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட இருமாத ஆடு. இதைவிடச் சுத்தமான நெஞ்சு ஊரில் யாருக்கு இருக்கிறது? காதில் மாட்ட வழியில்லாததால் மாஸ்க்கின் கயிற்றைக் கொம்பில் கட்டினாள்.

அய்யாக்கண்ணு வந்து பார்த்துவிட்டு நின்றார். "ஆட்டுக்கு என்னடி, கொரோனாவா?"

"வாயை மூடிக்கிட்டு அங்கிட்டுப் போங்க. ஆடு பரீட்சை எழுதுது."

ஆடு பரீட்சையில் தேறவில்லை. சில நாள் கழித்துப் பிரகதீஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள்.

"அக்கா, லேபுல மொதல்ல மாஸ்க்ல மனுசங்க மூச்சு பட்டிருக்கான்னு பாப்பாங்களாம். ஒங்க மாஸ்க்ல மனுசரே இல்லையாம். ஒரு வெள்ளை மசுரு இருந்துச்சாம். வேப்பெலைத் துணுக்கும் இருந்துச்சாம்."

"எனக்கு நரைக்க ஆரம்பிச்சிருச்சு தாயி."

"வேப்பெலை?"

"மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்ல."

கொல்லையில் ஆடு கத்தியது.

இந்தத் தடவை பிரகதீஸ்வரி வேறு தெருவுக்குப் போகவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு, கொஞ்சம் தள்ளி எதிரே உட்கார்ந்துகொண்டாள். செவந்தி மாஸ்க்கை மாட்டினாள். வாயே திறப்பதில்லை, மூக்கால் துளித்துளியாய் மூச்சு விடுவது, இருமல் வந்தால் விழுங்கிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

பிரகதீஸ்வரி போனை நோண்டிக்கொண்டே சாவகாசமாக ஆரம்பித்தாள். "மூக்காயியக்கா நேத்து கோயில்ல குலவை போட்டுப் பழகுனாங்க. ஒங்களதைவிட நீளம்னு பேசிக்கிட்டாங்க."

செவந்தியின் புருவம் மட்டும் ஏறியது.

"இந்த வருசம் அவங்கதான் எடுப்பாங்க போல. ஒங்களுக்கும் வயசாகுதுல்ல? நரைச்சிருச்சுன்னு நீங்களே சொன்னீங்க."

அவ்வளவுதான். மாஸ்க் பொம்மென்று உப்பியது. உள்ளேயிருந்து கிளம்பிய குலவையில் தெருநாய் எழுந்து குரைத்தது. மூக்காயி கையில் கரண்டியோடு எதிர்வாசலுக்கு ஓடிவந்தாள். ஆனால் குலவை பாதியில் உடைந்து இருமலாகி, செவந்தி நாற்காலியோடு சேர்ந்து குனிந்துபோனாள். பிரகதீஸ்வரியின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"போதும்க்கா. வேணுங்கிறது கெடைச்சிருச்சு."

முடிவு காசநோய் என்று வந்தது. எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. ஆறு மாசம் மாத்திரை. செவந்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "திருவிழா?"

"அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. ஒரு வேளை விடாம மாத்திரை போடுங்க. டாக்டர் பாத்துட்டுச் சரின்னுட்டா நீங்கதான் எடுக்குறீங்க. சரி, ஒங்க பக்கத்துல உக்காந்து அடிக்கடி பேசுறவங்க யாரு? அவங்களையும் சோதிக்கணும்."

அந்த வாரத்தில் முதல்முறையாகச் செவந்தி முகம் மலர்ந்தது. "மொதப் பேரு மூக்காயி. தெனமும் வந்து சண்டை போடுவா."

புருசன் பெயர் இரண்டாவதாகத்தான் வந்தது.

ஆட்டுக் கதை அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. சோதனைக்குக் கொடுத்த மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு மூக்காயி எதிர்வாசலிலிருந்து கத்தினாள்: "ஏன்டி, ஒன் ஆட்டைக் கொஞ்சம் ஓட்டிவிடேன். அரைமணி நேரத்துல திருப்பித் தாரேன்!"

மூக்காயிக்கும் அய்யாக்கண்ணுவுக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. செவந்தி மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை. விட்டால் எதிர்வீட்டுக்குச் சேதி போய்விடும் என்று பிரகதீஸ்வரி மிரட்டி வைத்திருந்தாள்.

பங்குனியில் டாக்டர் சரி என்றார். முளைப்பாரி கிளம்பியது. செவந்தி முன்னால் நின்று முதல் குலவையை எடுத்தாள். பழையபடி கணீரென்றுதான் எழுந்தது. ஆனால் தெருமுனைக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே நெஞ்சு காலியாகிவிட்டது. சத்தம் அறுந்துவிழும் அந்த நொடியில் பின்னாலிருந்து மூக்காயி குலவையை அப்படியே பிடித்துக்கொண்டாள். வரிசை முனை திரும்பியது. ஒட்டுப் போட்ட இடம் ஊருக்குத் தெரியவில்லை.

"நடுவுல விட்டுட்டியேடி" என்று காதோரம் கிசுகிசுத்தாள் மூக்காயி.

"யாரு விட்டா? இன்னும் நாலு மாச மாத்திரை பாக்கி இருக்கு. அதுவரைக்கும் மிச்சத்தை ஒன்கிட்டக் குடுத்து வச்சிருக்கேன்" என்றாள் செவந்தி, மூச்சு வாங்கிக்கொண்டே.