மோடத்தின் பின்னால் ஒரு டிஸ்க்

எங்கள் ஆபீஸ் கேட்டில் தினமும் செல்போனை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பையில் பென் டிரைவ் இருந்தால் தொலைந்தோம். அந்தப் பழக்கத்தில், வீட்டுப் படங்களையும் எவனோ ஒருவனுடைய சர்வரில் போடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, நெட் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன மோடத்தின் பின்னால் செருகினேன். இனி ஈ, காக்கை நுழையாது என்று மனைவியிடம் ஒரே பீற்றல்.

மச்சினன் கல்யாணத்துக்காக நான் ரகசியமாக ஆடிப் பழகிய வீடியோக்களும் அதில்தான் இருந்தன.

ஒருநாள் கீழ்வீட்டு அம்மா என்னை மாடிப்படியில் நிறுத்தினார். "இன்னா சார், ரெண்டாவது ஸ்டெப்புல இடது காலு லேட்டா வருதே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வீட்டு நெட் போனபோது வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்த புண்ணியவான் நானேதான். பாஸ்வேர்டு வைத்திருப்பவர் எல்லாம் என் குடும்பம் என்று அந்த மடையன் மோடம் நினைத்து, டிஸ்க்கை அவர்கள் டிவிக்கும் திறந்துவிட்டிருக்கிறது! மேலே ஓடிப்போய் டிஸ்க்கைப் பிடுங்கினேன்.

ஐந்தே நிமிஷத்தில் காலிங் பெல் அடித்தது. அதே அம்மா.

"சார், வீடியோ பாதியில நின்னுபூச்சு. எங்க மாமியாரு டிவி முன்னால உக்காந்துகினு கீறாங்க."