டர்போவுக்கு முன்னால் ஒரு துளை

போன தடவை ஏலகிரி மலை ஏறும்போது எங்கள் டீசல் காரின் டர்போ போய்விட்டது. எஞ்சினின் புகை வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான் அது. ஓட்டியது என் மனைவி. பின்சீட்டில் அவளுடைய அப்பாவும் அம்மாவும், டிக்கி நிறையச் சாமான், ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் இழுவை சட்டென்று குறைந்து பின்னால் புகை கிளம்பியது. ரேடியேட்டர் முள் அப்போதும் நடுவிலேயே நின்றது. அது தண்ணீரின் சூட்டை மட்டும்தான் சொல்லும். டர்போவைக் கெடுத்தது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூடு. அதைச் சொல்ல அந்த வண்டியில் எதுவும் இல்லை.

புது டர்போ போட்ட பிறகு நசரத்பேட்டை அலுவலகத்துக்குத் தினமும் அவளேதான் ஓட்டிப் போனாள். மலைப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. பொங்கல் விடுமுறைக்கு மாமனார் மறுபடியும் ஏலகிரி கேட்டபோது, "நீங்க ஓட்டுங்க. இல்லன்னா பஸ்ல போலாம்" என்றாள். மலையில் என்னைவிட அவள் நன்றாக ஓட்டுவாள். அவள் இனி மலைப்பாதையில் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டாளோ என்று எனக்குக் கவலை வந்தது.

அதனால்தான் புகையின் சூட்டை அளக்கும் ஒரு சென்சாரை வாங்கினேன். பேனா ரீஃபில் அளவுக்கு ஒரு உலோகக் குச்சி, அதிலிருந்து ஒரு ஒயர், டேஷ்போர்டில் வைக்க ஒரு சின்ன மீட்டர். எங்கே பொருத்துவது என்பதுதான் கேள்வி.

சனிக்கிழமை காலை இருவரும் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் போனோம். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "டர்போக்குப் பின்னாடி பைப்புல போட்டுடலாம் அண்ணாத்தே. கைக்கு எட்ற எடம். முன்னாடி போட்டு குச்சி முனை ஒடஞ்சிச்சின்னா நேரா டர்போ உள்ளதான் போவும். புச்சா போட்ட சாமான் காலி" என்றார்.

"பின்னாடி போட்டா சூடு கம்மியா காட்டுமே."

"காட்டட்டும். அண்ணியும் பயப்படாம ஓட்டுவாங்கோ."

பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "பயம் போறதுக்கு மீட்டர் வேணாம் தம்பி. ஆக்சிலேட்டர்லேர்ந்து எப்ப காலை எடுக்கணும்னு தெரிஞ்சா போதும். பின்னாடி வெச்சா லேட்டாத்தானே சொல்லும்?"

"லேட்டாத்தான் சொல்லும்" என்று ஒப்புக்கொண்டார். "நீங்க இங்கியே வேலைக்கு வந்துடுங்க அண்ணி."

"உங்க கடையில ஃபேன் இல்லையே."

ஆக, டர்போவுக்கு முன்னால் என்று முடிவானது. அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் கழற்றாமல் எஞ்சினை ஓடவிட்டு, டிரில் முனையில் கிரீஸ் தடவித் துளை போடுவார்கள். இரும்புத்தூளில் பாதி கிரீஸில் ஒட்டிக்கொள்ளும், மீதியைப் புகை வெளியே தள்ளிவிடும். எனக்கு அந்த மீதியில் நம்பிக்கை இல்லை. நாலு சிலிண்டரின் புகைக்குழாய்களும் சேரும் இரும்பு வார்ப்பைக் கழற்றித்தான் துளை போட வேண்டும் என்றேன்.

"நட்டெல்லாம் துரு புட்ச்சி கீது. ஒண்ணு ஒடஞ்சாலும் திங்கக்கெழம அண்ணி ஆட்டோலதான் போவணும்."

"ஆட்டோல போறேன். கழட்டுங்க" என்றாள் அவள்.

கழற்றும் முன்பு, துளை எங்கே என்று நான் சாக்பீஸால் குறித்துவைத்தேன். மேலிருந்து பார்க்க நல்ல இடம். கை போகும், ஸ்பேனர் திரும்பும். மதியத்துக்கு மேல் ஒரு நட்டும் உடையாமல் வார்ப்பு வெளியே வந்தது. திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் குறி கடைசி சிலிண்டரின் குழாய்மேல் இருந்தது. அங்கே வைத்திருந்தால் நாலில் ஒன்றின் சூட்டை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும். நாலும் ஒன்றாகச் சேர்ந்து டர்போவுக்குள் நுழையும் கழுத்து, என் குறிக்கு மூன்று விரல் கீழே இருந்தது.

"உங்க கோடு அயகாத்தான் கீது. எடந்தான் தப்பு" என்றார் மெக்கானிக். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கழுத்தில் துளை போட்டு, தூளை ஊதித் துடைத்து, குச்சியின் முனை புகைப்பாதையின் நடுவில் நிற்கும்படி முறுக்கினோம். அதற்காக சூட்டைத் தடுக்கும் தகட்டின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. ஒயரை டர்போமேல் படாமல் சுற்றுவழியாக உள்ளே கொண்டுவந்தோம். எழுநூறு டிகிரியைத் தாண்டி நிற்கவிடாதீர்கள் என்று மெக்கானிக் அவளிடம் சொன்னார். மீட்டரை அவள் பார்வைக்கு நேராக ஒட்டினேன்.

பொங்கல் விடுமுறையில் ஏலகிரி போனோம். அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு வந்தபோது, நான் ஓட்டுநர் கதவுப் பக்கம் போகவில்லை. அவள் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

ஏற்றத்தில் எண் ஐந்நூற்றைம்பது, அறுநூறு என்று ஏறியது. போன தடவை டர்போ கெட்டுப்போன வளைவுக்கு முன்னால் அறுநூற்றெண்பது. அவள் ஏசியை அணைத்தாள், கியரைக் குறைத்தாள், காலைக் கொஞ்சம் எடுத்தாள். எண் இறங்கியது. வளைவு பின்னால் போனது.

மேலே போய் நிறுத்திய பிறகும் எஞ்சினை அவள் அணைக்கவில்லை. மாமனார் கதவைத் திறந்தபடி, "ஏம்மா, எறங்கலையா?" என்றார்.

"நீங்க போங்கப்பா. டர்போ கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் அணைக்கிறேன்" என்றபடி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.