டப்பிங் அக்காவும் பழைய லேப்டாப்பும்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் டப்பிங் அக்கா. முப்பத்தோரு வருடம் வேற்றுமொழிப் படங்களில் வரும் மாமியார்களுக்கும் வார்டன்களுக்கும் சமையல்காரிகளுக்கும் நம் மொழியில் குரல் கொடுத்தவர். கதாநாயகிக்கு ஒருமுறைகூடப் பேசியதில்லை.

"கதாநாயகின்னா அழுதுகிட்டே இருக்கணும் சிஸ்டர். இவளுக்கு அழுகை வராது. திட்டுற வேஷம்னா உடனே ஃபோன் பண்ணிடுவாங்க" என்றார் அவர் கணவர். அவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். திட்டு விஷயத்தில் அவருக்கு நேரடி அனுபவம் இருந்தது.

அறுபத்தெட்டு வயதில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது, வலது கை பாதி திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதிலாக "ம்" மட்டும் வரும். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை பார்த்துக்கொள்ள நர்ஸாக என்னை வைத்தார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் பேச்சுப் பயிற்சி தரும் பெண் வருவாள். கோப்பை, குடை, நாற்காலி என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். அக்கா கோப்பையைப் பார்ப்பார், பிறகு அவளைப் பார்ப்பார், அவ்வளவுதான். மூன்று மாதம் இப்படியே போனது. ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள்: "முதல் ஆறு மாசம்தான் முக்கியம். பாதி போயிடுச்சு. பாட்டு, எண்ணிக்கை, ஏதாவது மனப்பாடமா இருக்கறதைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க."

எண்ணிப் பார்த்தோம், வரவில்லை. பாட்டு அவர் பாடியதே கிடையாது. கணவருக்குத்தான் படங்கள் ஞாபகம் வந்தன. "அவ பேசுன வசனத்தைப் போட்டுக் காட்டினா, குரல் குரலை இழுத்துட்டு வரும்ல?"

வெளிநாட்டில் இருக்கும் மகள் அங்கே தேடி ஒரு டிவிடி அனுப்பினாள். மாணவர் விடுதி ஒன்றின் கதை. சமையல்காரிக்கு அக்காவின் குரல். படத்தின் சொந்த மொழி, நம் மொழி இரண்டிலும் கேட்கலாம் என்று உறையில் போட்டிருந்தது. அதை ஓட்ட வீட்டில் இருந்த ஒரே கருவி மகள் கல்லூரியில் வைத்திருந்த லேப்டாப். வயது பதின்மூன்று. பேட்டரி செத்துவிட்டதால் வயரைச் செருகினால்தான் உயிர் வரும். வயரும் அசையாமல் இருக்க அடியில் காகிதம் மடித்து வைக்க வேண்டும்.

டிஸ்க் வைக்கும் தட்டு வெளியே வரவில்லை. கணவர் ஓரத்திலிருந்த ஊசித்துளையில் கம்பியை விட்டு நெம்பித் திறந்தார். உள்ளே லென்ஸைப் பஞ்சால் துடைத்தார். படம் ஓட்டும் மென்பொருள் அதில் இல்லை. மகள் ஃபோனில் சொல்லச் சொல்ல, இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை இறக்கினார். அதுவரை எல்லாம் சுத்தமான வேலை.

டிவிடி விற்றவர்கள் உலகத்தைப் பங்கு போட்டுப் பகுதிக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். டிஸ்கின் எண்ணும் கருவியின் எண்ணும் ஒத்துப்போனால்தான் படம் ஓடும். கருவியின் எண்ணை நாமே மாற்றலாம், ஆனால் ஐந்து முறைதான். ஐந்தாவதாக வைத்த எண் நிரந்தரம். திரையிலேயே இது எழுதியிருந்தது. நான் அக்காவைக் குளிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது கணவர் முகம் சரியில்லை.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுதான் மிச்சம்னு சொல்லுது."

மகள் அனுப்பிய டிஸ்க்குக்காக அவர் எண்ணை மாற்றியிருக்கிறார். படத்தின் முகப்பு வந்திருக்கிறது. மனைவி வரும்வரை சும்மா இருப்பானேன் என்று இங்கே வாங்கிய மல்யுத்த டிஸ்கைப் போட்டு, எண்ணைத் திருப்பியிருக்கிறார். பழையபடி வருகிறதா என்று பார்க்க மறுபடி மகளுடையது. அதன்பின் இன்னொரு மல்யுத்தம். மகளைக் கூப்பிட்டோம்.

"அப்பா, நாலு தடவ என்னதான் பண்ணீங்க?"

"செக் பண்ணேன்மா."

"எதை?"

"ஏறி இறங்குதான்னு. லிஃப்ட்ல எத்தனை தடவ வேணா அமுக்கலாம். அஞ்சோட நின்னுடும்னு எவன் கண்டான்?"

"அது மாடி நம்பர் இல்லப்பா. இனிமே இதுக்கு மாத்தினா உங்க குஸ்தி ஒண்ணுகூட ஓடாது. யோசிச்சு அமுக்குங்க."

அவரிடம் பதினொரு மல்யுத்த டிஸ்குகள் இருந்தன. எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "போகட்டும். யாரு விழுவான்னு தெரிஞ்ச சண்டைதான்" என்று சொல்லிவிட்டுக் கடைசி மாற்றத்தை அமுக்கினார்.

படம் ஓடியது, ஆனால் அதன் சொந்த மொழியில். நம் மொழிக்கு எங்கே மாற்றுவது என்று தெரியாமல் கணவர் மவுஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சமையல்காரி திரையில் வந்தாள், இடுப்பில் கை வைத்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையால் காதைப் பொத்தினார். சமையல்காரி வாயைத் திறந்தாள்.

"எவன்டா சட்டியத் தொட்டது?" என்றார் அக்கா.

குரல் கரகரத்தது. ஆனால் அவள் வாய் மூடிய இடத்தில் சரியாக முடிந்தது. அடுத்த வசனமும் வந்தது. கணவர் அப்படியே நின்றார். பிறகு அவசர அவசரமாக அங்கும் இங்கும் அமுக்கி, நம் மொழியைக் கண்டுபிடித்துவிட்டார். லேப்டாப்பிலிருந்து அக்காவின் பழைய குரல் கணீரென்று வந்தது.

அக்கா வாயை மூடிக்கொண்டார்.

"பேசும்மா. உன் குரல்தான். கூடவே பேசு."

அவர் பேசவில்லை. லேப்டாப்பைக் கையால் தள்ளினார். எனக்கு விளங்கவில்லை. கணவர்தான் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"நான் ஒரு மடையன் சிஸ்டர். ஸ்டூடியோல பதிவான குரலைப் போட்டுக் கேக்கறப்ப யாரும் மூச்சு விடக்கூடாது. காதுல அந்த ஊர்க்காரி பேசணும், கண்ணுக்கு முன்னாடி வாய் அசையணும். அப்பத்தான் இவளுக்குப் பேச்சு."

மறுபடி படத்தின் மொழிக்கு மாற்றினார். அன்று ஏழு வசனங்கள் வந்தன. ஆனால் மதியம் சாப்பிடும்போது தண்ணீர் கேட்க வாய் வரவில்லை; செம்பைத்தான் சுட்டிக் காட்டினார். வசனம் வேறு, பேச்சு வேறு. இதை வீட்டாருக்கு அன்றே சொல்லிவிடுவது நல்லது. சொன்னேன். கணவர் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றார். சாப்பிட வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை பயிற்சிப் பெண் வந்து அரைமணி நேரம் பார்த்தாள். அட்டைகளைப் பைக்குள் போட்டாள். "இவங்களுக்கு அட்டைப் படம் காட்டிப் பிரயோஜனமில்ல. வாய் காட்டணும். சார், நீங்க எதிர்ல உக்காந்து சத்தம் வராம 'தண்ணி குடு'ன்னு வாயசைங்க. அவங்க குரல் கொடுக்கட்டும்."

தினமும் படத்துக்குப் பிறகு இந்தப் பயிற்சி. கணவர் உதடு பிரியாமல் பேசுகிற ஆள். போதாதற்கு மீசை. முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மீசையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா வெகுநேரம் சிரித்தார். பத்தாம் நாள் அவர் வாயசைத்தபோது அக்கா "தண்ணி" என்றார். கொடுத்தோம், குடித்தார்.

உற்சாகத்தில் கணவர் "போர்வை வேணும்" என்று அடுத்ததாக வாயசைத்தார். மெதுவாகச் செய்ய வேண்டியதை மென்று விழுங்கிவிட்டார். அக்கா காத்திருந்தார். மறுபடியும் அதே அரைகுறை வாயசைப்பு. அக்காவின் புருவம் சுருங்கியது.

"வாய... தொற."

கணவர் என்னைப் பார்த்தார். "இதை நான் அசைக்கலியே சிஸ்டர்."

"நல்லாத் தொற" என்றார் அக்கா, இன்னும் கடுப்பாக.

அவர் திறந்தார். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: காலை பத்தே கால், சொந்தப் பேச்சு, நான்கு சொல், கணவரைத் திட்டியது.