வயரை அறுக்காத லூர்துசாமி

லூர்துசாமி அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு பிளெக்ஸ் பேனரில்தான் தெரிந்தது. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காவிரிப் பாலம் தாண்டிச் சிக்னலில் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு நடுவில் அவர் படம். அதற்குக் கீழே, அவர் படத்தைவிடச் சற்றுப் பெரியதாக, கைகூப்பியபடி எங்கள் பழைய மேனேஜர் தனசேகரன். அண்ணன் போய்விட்டாரே என்று அழுவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பிழைப்பைக் கெடுத்தவர் எந்த முகத்தோடு கைகூப்புகிறார்?

இரங்கல் கூட்டத்தில் படிக்க இரண்டு பக்கம் எழுதி வரும்படி எலக்ட்ரீஷியன்கள் சங்கத்தில் கேட்டார்கள். கூட்டத்துக்குத் தலைமை தனசேகரன் என்றும் சொன்னார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். அவரை எதிரில் உட்கார வைத்துப் படிக்க வேண்டிய விஷயம் என்னிடம் பதினோரு வருடமாக இருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிற உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். தென்னூரில் அப்போது இருந்த கார் ஒர்க்‌ஷாப்பில் வரவேற்பு மேஜையில் இருந்த கலைச்செல்வி. வருகிற காரின் குறையைக் கேட்டு ஜாப் கார்டில் பதிவது என் வேலை. அண்ணன் அங்கே எலக்ட்ரீஷியன், தனசேகரன் மேனேஜர். அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வயரைத் தொடுவதற்கு முன் என்னிடம் வந்து அந்தக் காரின் பழைய கார்டுகளை எல்லாம் வாங்கிப் பார்ப்பார். "வந்து வந்து போற ஃபால்ட்டுன்னா, ஓனர் என்னமோ செய்யறாருன்னு அர்த்தம்மா. அதக் கேட்டுட்டுத்தான் கதவக் கழட்டணும்" என்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஓனரிடம் ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் கேட்பார். தனசேகரனுக்கு அது வெட்டிப் பேச்சாகத் தெரிந்தது.

அப்போதுதான் ஸ்ரீரங்கம் சேஷாத்ரி மாமாவின் கார் வந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "கதவு தானா பூட்டிக்கறது, தானா திறந்துக்கறது. ராஜகோபுரத்தண்ட நிறுத்தினா நாலு பேர் வேடிக்கை பாக்கறா. நேக்கு மானம் போறது" என்றார். எங்களிடம் வந்த பிறகு கதவு பரம சாதுவாக இருந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அண்ணன் சொல்லியும் கேட்காமல், பூட்டு மோட்டாரை மாற்றச் சொன்னார் தனசேகரன். மாற்றினோம். திரும்பி வந்தது. மறுபடி மாற்றினோம். மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை, பூட்டுகளை இயக்கும் பெட்டியையே மாற்றச் சொன்னார். "சார், நோய் என்னன்னு தெரியாம எத்தனை ஊசி போடுவீங்க?" என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். பகை அன்றைக்கு ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் மூன்று கார்டையும் என் மேஜையில் பரப்பினார். சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விரலால் தேதிகளைத் தேடினார். சர்ச்சுக்குப் போகிற மனிதர், பஞ்சாங்கம் பார்ப்பவரைப் போல உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "மூணு தடவையும் அமாவாசைக்கு மறுநாள் வந்திருக்காரும்மா" என்றார்.

அடுத்த அமாவாசையன்று விடியற்காலை அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் நின்றார். மாமா காவிரியில் குளித்து, தர்ப்பணம் முடித்து, நனைந்த வேஷ்டியைப் பிழிந்தும் பிழியாமலும் எடுத்துவந்தார். டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கி, வேஷ்டியில் பாதியை உள்ளேயும் பாதியை வெளியேயும் தொங்கவிட்டு, கண்ணாடியை ஏற்றி அதை இறுக்கினார். ஏன் மாமா என்று கேட்டதற்கு, "மடி வஸ்திரத்தை ஸீட்ல போட முடியுமோ? கண்டவா உக்காந்த இடம். ஆத்துக்குப் போறதுக்குள்ள காத்துல பாதி காஞ்சுடும்" என்று பதில் சொன்னாராம். துணியில் இருந்த தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கி, பூட்டு மோட்டாரின் பிளக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் கதவின் பூட்டு எதைச் செய்கிறதோ அதை மற்ற மூன்று கதவும் செய்யும். ஈரத்தில் அது பித்துப் பிடித்து ஆட, மற்றவையும் சேர்ந்து ஆடின. ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்வதற்குள் ஈரம் காய்ந்துவிடும். புது மோட்டார் போட்டால் மட்டும் என்ன ஆகும்? இதுதான் கண்டுபிடிப்பு.

அண்ணன் நேராகத் தனசேகரனிடம் போய்ச் சொன்னார். இரண்டு மோட்டாரும் ஒரு பெட்டியும் வீணாக மாற்றியது யார் என்ற கேள்வி அப்போதே அறைக்குள் வந்து நின்றுவிட்டது. அரைமணி நேரம் கழித்துத் தனசேகரன் என்னைக் கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் மாமா காரின் ஜாப் கார்டில் தட்டச்சு செய்தேன்: 'எலக்ட்ரீஷியன் லூர்துசாமி கவனக்குறைவாக வயரை அறுத்ததால் ஏற்பட்ட கோளாறு.' சாயங்காலம் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாமாவுக்குப் போன் செய்து, துணியைக் கண்ணாடியில் மாட்ட வேண்டாம் என்று சொன்னதும் தனசேகரனேதான். மாமா அவருக்குப் பெருமாள் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்து, கெட்டிக்காரர் என்று வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பும் அவரைச் சேர்க்கவில்லை. 'வயர் அறுக்குற லூர்து' என்ற பேரை நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே மாலையோடு வந்திருப்பவர்களில் சிலர் அதைச் சொல்லிச் சிரித்ததை என் காதால் கேட்டேன். லால்குடி சாலையில் தனியாக ஒரு கடை போட்டார். கொஞ்ச நாளில் அந்தப் பேர் அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முக்கொம்பில் தனசேகரனின் கார் தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. வயதான அவர் அம்மாவும் உள்ளே, திறக்கத் தெரியாமல். வேறு யாரும் போனை எடுக்காததால் கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் போய் இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டு, "சார், அந்தக் கார்டை மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். "பழசெல்லாம் இப்ப எதுக்குங்க லூர்து" என்று சொல்லிவிட்டுத் தனசேகரன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு திறந்திருக்க வேண்டும் என்று அண்ணனைத் திட்டினேன். "உள்ள அந்தம்மா வேர்த்துக் கொட்டுதும்மா. அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். "அப்ப மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். "மன்னிக்கிறது ஃபாதர் வேலை. ஃபால்ட்டு எங்கன்னு காட்டுறதுதான் நம்ம வேலை" என்றார்.

தனசேகரன் சார், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள். இத்தனை வருடம் அது மறைந்தும் இருந்தது. நேற்று ஸ்ரீரங்கம் போய்ச் சேஷாத்ரி மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "படித்துறையில வந்து நின்னவர்தானே? அவருக்கு ஒரு வார்த்தை நன்னி சொல்லலையே நான்" என்றார். இதோ, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவர் பக்கத்தில் வந்து நின்று, லூர்துசாமி எந்த வயரையும் அறுக்கவில்லை என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாவிட்டால், நீங்கள் தலைமை வகிக்கிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் வருவேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அந்தப் பொய்யைத் தட்டச்சு செய்தவள் நான் என்று அண்ணனுக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் அவர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னார்: "அத நீதான் அடிச்சேன்னு அன்னைக்கே தெரியும்மா. என்னைக்காவது ஒரு நாள் நாலு பேர் முன்னாடி நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருக்கேன்." அன்றைக்கும் நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற அவருடைய டெஸ்ட் லேம்ப்பை அவர் மகள் வைத்துக்கொண்டாள். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவர் காத்திருந்த இந்தப் பதினோரு வருடம். அதற்காக யாரையும் மன்னிக்கப்போவதில்லை, என்னையும்கூட. நாலு பேர் முன்னாடி சொல்லிவிட்டேன் அண்ணே. கேட்க நீங்கள் இல்லை.