அண்ணி போட்ட உரக் கணக்கு

என் அண்ணிக்குத் தையலும் தெரியும், கணக்கும் தெரியும். இரண்டும் ஒன்றாகச் சேரும்போதுதான் வம்பு.

தையல் மிஷினுக்கு எதிரே அவருக்கு ஒரு மீன் தொட்டி. மீனைவிடச் செடிதான் அதிகம். நாள் முழுக்க ஊசிமுனையையே பார்க்கிற கண்ணுக்கு அந்தப் பச்சைதான் ஓய்வு என்பார். இலைகளில் ஓட்டை விழுந்ததும் தூள் உரம் வாங்கி வந்து போட ஆரம்பித்தார். பதினைந்தே நாளில் கண்ணாடியெல்லாம் பாசி.

"வீட்டுக்குள்ள எதுக்குக் குட்டை?" என்றான் அண்ணன். அவன் லிஃப்ட் மெக்கானிக், வளவளவென்று பேசமாட்டான். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். சரியாகலைன்னா, க்ளினிக்ல வைக்கத் தொட்டி வேணும்னு பல் டாக்டர் கேட்டாரே, அவருக்குத் தூக்கிக் கொடுத்துடறேன்."

அண்ணியின் முகம் வாடிவிட்டது. அன்று சாயங்காலம் உரக் கணக்குப் போட்ட நோட்டை என்னிடம் நீட்டினார். "தம்பி, எங்க தப்புன்னு பாருங்க."

நூறு லிட்டருக்கு ஒன்றரை கிராம் என்று உரப் பொட்டலத்தில் போட்டிருந்தது. அண்ணியின் நோட்டில் தொட்டி நூற்றொரு லிட்டர். பெருக்கல், வகுத்தலில் பிசகே இல்லை. ஆனால் தொட்டி அவ்வளவு பெரியதாகத் தெரியவில்லை. டேப்பை எடுத்து அளந்தேன். நீளம் இருபத்து நாலு இன்ச், நோட்டில் இருபத்தாறு. அகலம் பன்னிரண்டு, நோட்டில் பதினாலு. உயரமும் அப்படியே.

"என்ன அண்ணி, எல்லாத்துலயும் ரெண்டு இன்ச் ஏறியிருக்கே?"

"தையலுக்கு விட்டேன்..." என்றவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

துணி வெட்டும்போது, பின்னால் பிரித்துவிட இடம் வேண்டுமென்று அளவில் ரெண்டு இன்ச் கூட்டிப் போடுகிற இருபது வருடப் பழக்கம், கை யார் பேச்சைக் கேட்கும்? நான் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கண்ணாடித் தொட்டி குண்டாகும்னு நினைச்சீங்களா?"

"உங்க அண்ணனுக்குத் தச்சுத் தச்சு அந்த நினைப்பே வந்துடுச்சு, போங்க."

மறுநாள் மீன்களைப் பாத்திரத்தில் விட்டு, பாசியைச் சுரண்டி, தண்ணீரை இறைத்தோம். பத்து லிட்டர் வாளியால் எண்ணி ஊற்றினால், கூழாங்கல் அடைத்த இடம் போக, ஆறே வாளியில் தொட்டி நிறைந்துவிட்டது. அறுபது லிட்டருக்கு ஒரு கிராம்கூட வேண்டாம். அண்ணி குட்டித் தராசில் நிறுத்துப் போட்டார். போட்டு முடித்து இன்னொரு சிட்டிகைக்குப் போன கையை நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

மாதக் கடைசியில் புது இலைகள் முழுசாக விரிந்திருந்தன. அண்ணன் வேலை விட்டு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். பல் டாக்டரின் போன் வந்தது.

"இல்ல சார், அது கொடுக்கறதுக்கில்ல. வீட்டுக்காரியோடது" என்று சொல்லிப் போனை வைத்தான்.

அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், "சாப்பிட வாங்க" என்று அதட்டினார்.

"இரு, அந்தச் சின்ன மீன் இன்னும் செடிக்குள்ளேருந்து வெளிய வரல" என்றான் அண்ணன்.