ஆறு சுற்றிய ஊரில் ஒரு வழிகாட்டி

வழிகாட்டி என்பவன் முன்னால் பார்த்து நடப்பவன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை. பின்னால் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடப்பவன். எனக்கு இன்றைக்கும் கழுத்து நோகிறது. கலியாண வீட்டுக்கு வான் பிடித்துச் சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டு போன அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழமை நாட்களில் சுவிஸில், ஷ்லீரன் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையைத் துப்புரவு செய்தேன். ஓர்லிகோனில் புடவை, வீடியோ கசெற், விமானச் சீட்டு மூன்றையும் ஒரே மேசையில் விற்றுக்கொண்டிருந்த செல்வம் அண்ணை, கோடையில் மாதம் ஒரு ஞாயிறு பிரான்சிலுள்ள பெசான்சோன் நகருக்குப் பஸ் விடத் தொடங்கினார். அதற்கு வழிகாட்டி நான். ஊரில் எனக்குப் பிடித்த பாடம் பூமிசாத்திரம். நூலகத்தில் ஜெர்மன் புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் விரித்து வைத்து, அந்த நகரத்தைக் கரைத்துக் குடித்தேன். முதல் பஸ்ஸே நிரம்பிவிட்டது. எங்கள் சனத்துக்குச் சரித்திரத்தில் இவ்வளவு ஆசையா என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. செல்வம் அண்ணை மட்டும் ஒரு மாதிரிச் சிரித்தார். "நீர் கதையும் தம்பி. கேக்கிறவை கேக்கட்டும்."

எல்லையில் ஒரு சமையலறை

பிரெஞ்சு எல்லையில் ஓர் அதிகாரி பஸ்ஸின் அடிப்பெட்டியைத் திறந்து பார்த்தார். பயணப்பை ஒன்றுகூட இல்லை. இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, பருத்தித்துறை வடை, ஒரு முழுப் பனங்கட்டிக் குட்டான். மூடிகளைத் திறக்கத் திறக்க அவர் முகம் மாறியது. எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஒரு நாள் என்றேன். பஸ்ஸிலிருந்த சனத்தைப் பார்த்தார், சாப்பாட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மூடிகளைத் திரும்ப மூடினேன்.

அவ்வளவு சாப்பாடும் யாருக்கு என்று பெசான்சோனில் இறங்கியதும்தான் எனக்குத் தெரிந்தது. நான் குடையை உயர்த்திப் பிடித்து "இந்த நகரம் ரோமர் காலத்தில்" என்று தொடங்கித் திரும்பினால், பாதிச் சனம் சட்டிகளோடு ரயில் நிலையம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. பாரிசிலிருந்து அவர்களுடைய அண்ணன், தங்கை, மச்சான் எல்லாரும் ரயிலில் வந்து இறங்கினார்கள். அங்கே இருந்தவர்களுக்கு அகதி விண்ணப்பம் முடியவில்லை, பிரான்சை விட்டு வெளியே வர முடியாது. இங்கே சுவிஸில் இருந்தவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு, பாரிசுக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. இரண்டுக்கும் நடுவில் கிடந்த ஊர் பெசான்சோன். செல்வம் அண்ணை சரித்திரம் படிக்கவில்லை, ரயில் நேர அட்டவணை படித்திருந்தார்.

பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்தும் வர முடியாமல் இருந்தவர் றீற்றா அக்கா. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரைக்காரி, சூக் நகரில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை. அவருடைய தம்பி அன்ரன் பாரிசில். அரைக் காற்சட்டையோடு கடைசியாகப் பார்த்தது, பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அக்காவின் சுவிஸ் வதிவிடப் பெர்மிட் புதுப்பிக்கப் போயிருந்தது. அது திரும்பி வந்தால்தான் பிரெஞ்சு விசாவுக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கடைக்கு வந்து பஸ் நிரம்பிவிட்டதா என்று விசாரிப்பார். "ஒரு சீற்றை விட்டு வையுங்கோ தம்பி. என்ர ஆள் அங்கை வந்து நிண்டிட்டு நான் வராமல் போகப்படாது."

கோட்டை

ரயில் தாமதமானவர்களும், மாமியாரைச் சந்திக்க விருப்பமில்லாத மருமகன்மாரும்தான் என் கேட்போர். அவர்களை மலைமேலிருந்த கோட்டைக்கு ஏற்றினேன். ஓர் அரசர் தன் பொறியியலாளரைக் கொண்டு கட்டியது, எதிரி எந்தப் பக்கத்தால் வந்தாலும் தெரியும் என்று மூச்சு வாங்க விளக்கினேன். கோட்டைக்குள் இப்போது ஒரு விலங்குச்சாலை. அகழியில் தண்ணீர் இல்லை, பபூன் குரங்குகள்தான் இருந்தன. வருடா வருடம் புதுப்பிக்கவேண்டிய பி பெர்மிட்டோடு வந்த ஒருவர் நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆபிரிக்காவிலிருந்து வந்த குரங்குகளுக்குக் கோட்டையில் வீடு, நேரத்துக்குச் சாப்பாடு. "உதுகளுக்கு நிரந்தரமாய் சி பெர்மிட் குடுத்திட்டாங்கள் போல கிடக்கு" என்றார்.

எல்லாருக்கும் வயதில் மூத்தவர் கந்தையா அண்ணை. அவர் மலையேறி வந்து, மதிலில் சாய்ந்து, தொப்பியால் விசிறிக்கொண்டு என் விளக்கம் முழுவதையும் கேட்டார். எனக்குச் சந்தோஷம். முடித்ததும் கேள்வி உண்டா என்றேன். "தம்பி, யாழ்ப்பாணக் கோட்டையடிச் சண்டையிலை இருக்க ஏலாமல்தான் நாங்கள் வெளிக்கிட்டு வந்தனாங்கள். நீர் காசும் வாங்கிக்கொண்டு திரும்பக் கோட்டைக்கே கொண்டு வந்து விட்டிருக்கிறீர்."

திருப்பி அனுப்பப்பட்ட ஆறு

அந்த ஊரின் அழகே ஆறுதான். டூ என்று பெயர். பழைய நகரத்தைக் குதிரை லாடம் போல வளைத்துக்கொண்டு ஓடுகிறது. லாடத்தின் திறந்த வாயில் கோட்டை மலை. மலைக்கு அடியால் படகுகள் போக ஒரு சுரங்கக் கால்வாய் குடைந்து, பக்கத்தில் நடைபாதையும் விட்டிருக்கிறார்கள். ஆக, ஆற்றங்கரையாலும் சுரங்கத்தாலும் நடந்தால் ஊரை ஒரு முழு வட்டம் அடிக்கலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஆற்றைப் பற்றிச் சொல்லுவது லேசான வேலை இல்லை. எங்களிடம் கிணறு உண்டு, குளம் உண்டு, கடல் உண்டு. வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. இந்த ஆறு பிரான்சில் ஊற்றெடுத்து, சுவிஸ் எல்லையைத் தொட்டுக்கொண்டே ஓடி, ஓரிடத்தில் சுவிஸுக்குள் நுழைந்து, ஒரு வளைவு எடுத்துத் திரும்பவும் பிரான்சுக்கே வந்துவிடுகிறது என்று படம் கீறிக் காட்டினேன். அன்றுதான் முதல் தடவையாகக் கூட்டத்தில் ஓர் அனுதாபம் தெரிந்தது. பின்வரிசையில் ஓர் அம்மா உச்சுக்கொட்டினார். "உள்ளுக்கு வந்ததையும் பிடிச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டாங்களோ? பாவம்."

மணிக்கூடு

பேராலயத்தில் ஒரு பெரிய வானியல் மணிக்கூடு இருக்கிறது. நேரம், நாள், சூரியன் உதிப்பது, துறைமுகங்களில் வற்றுப்பெருக்கு, தூரதேசங்களின் நேரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி முகம். எங்கள் பஸ் சாரதி வால்டர் அதன்முன் கைகட்டி நிற்பார். சுவிஸ்காரர். ஐந்து மணிக்குப் பஸ் வெளிக்கிடும் என்றால் வெளிக்கிடும். ஒரு தடவை மாமா ஒருவர் கோழிக்கால் கையோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவந்து, அடுத்த சிவப்பு விளக்கில்தான் ஏறினார்.

ஊர் நேரத்தை இந்த மணிக்கூடு காட்டுமா என்று கந்தையா அண்ணை கேட்டார். கொழும்பில் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்த காலம் அது. போராளி இயக்கத்தின் கையிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடிக்கொண்டிருந்தது. நான் முகம் முகமாகத் தேடிப் பார்த்தேன், எங்கள் ஊரைக் காணவில்லை. கந்தையா அண்ணையே என் தோளில் தட்டினார். "விடும் தம்பி. ஊரிலையே இப்ப ரெண்டு நேரம். மணிக்கூடு என்ன செய்யும்?"

எந்தக் கரை

அந்த வருடத்தின் கடைசிப் பயணத்துக்கு றீற்றா அக்காவின் விசா வந்துவிட்டது. இதைவிட்டால் அடுத்த கோடைதான். மடியில் நண்டுக் கறிக் கரியரை வைத்துக்கொண்டு, எல்லைவரை செபமாலை சொன்னார், எல்லைக்குப் பிறகு அன்ரனைப் பற்றிச் சொன்னார். இப்போது மீசை வைத்திருக்கிறானாம், படம் அனுப்பியிருந்தான். பார்த்தால் அடையாளம் பிடிபடுமோ என்ற பயம் அவருக்கு.

பஸ் நின்றதும், அன்ரன் ரயில் நிலையத்தில் நிற்கிறாரா என்று கேட்டேன். இல்லை, ஆற்றங்கரையில் நிற்கச் சொல்லி முதல்நாள் தொலைபேசியில் பேசியாயிற்று என்றார். எந்தப் பாலத்தடியில், எந்தக் கரையில் என்று கேட்டேன். புத்தி மட்டான பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "கரையெண்டால் கரைதானே தம்பி. பாசையூரிலை கரையிலை நில்லெண்டால் ஆர் மாறி நிண்டது?"

வலம் வருதல்

கடல் என்றால் ஒரு பக்கம்தான் இருக்கும், கரையும் ஒன்றுதான். இங்கே ஊரைச் சுற்றி ஆறு, ஆற்றுக்கு இரண்டு கரை. கைத்தொலைபேசி எங்களிடம் யாரிடமும் இல்லை. ரயில் நிலையத்தில் போய்ப் பார்த்தோம், ரயில் முன்னமே வந்து போய்விட்டது. அன்று பஸ்ஸில் வந்தவர்கள் ஒருவரும் கழன்று போகவில்லை. பாரிஸ் உறவினரும் சட்டிகளோடு சேர்ந்துகொண்டார்கள். நான் குடையோடு முன்னால், பின்னால் ஒரு திருவிழா. பாலம், கல் வளைவுகள் வைத்த கரையோர வீடுகள், பழைய காவற்கோபுரம் என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம். வாய் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னேன். சனம் ஒவ்வொன்றின் பின்னாலும் எட்டிப் பார்த்தது. அதற்கு முன்னும் பின்னும் என் சொல்லுக்கு அப்படிக் கவனம் கிடைத்ததில்லை.

பாலத்தடிக் கோப்பிக் கடைக்காரியிடம் அன்ரனின் படத்தைக் காட்டினோம். சற்று முன் போனார் என்று கையைக் காட்டினாள். அதே பக்கமாக விரைந்தோம். சுரங்கத்தால் புகுந்து, ஊரை முழுக்கச் சுற்றி, அதே கடைக்கு வந்து சேர்ந்தோம். மறுபடியும் சற்று முன் போனார் என்றாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நாங்கள் சுற்றியது வலமாக. எங்கள் ஆட்களில் யாரைச் சுற்றச் சொன்னாலும், கோயிலோ மாதா சுரூபமோ, வலமாகத்தான் சுற்றுவார்கள். அன்ரனும் அதே வலத்தில் எங்களைத் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார். கடைக்காரி கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவரும் உங்களைப் போலவே அவசரமாகப் போகிறார். உங்களில் ஒருவராவது மற்றப் பக்கமாக நடந்தால் என்ன?"

உயரமான இடம்

மற்றப் பக்கமாகவும் நடந்தோம். அதற்குள் ஆளையே காணவில்லை. மூன்று மணி தாண்டிவிட்டது. றீற்றா அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து கரியரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் மலையை அண்ணாந்து பார்த்தார். கடலுக்குப் போன வள்ளம் வரவில்லை என்றால், பாசையூரில் கரையில் நின்று தேடமாட்டார்களாம், உயரத்தில் ஏறித் தேடுவார்களாம். கோட்டைக்கு ஏறுவோம் என்றார். நான் மாதக்கணக்காகக் கெஞ்சியும் ஏறாத சனம், அவர் ஒரு சொல் சொன்னதும் சட்டியும் முட்டியுமாக ஏறியது.

மதிலின் மேல் ஒருவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு காலை மடித்து மற்றக் காலில் ஊன்றி, கையை நெற்றியில் வைத்து, கீழே இரண்டு பக்கமும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீசையை அக்கா பார்க்கவே இல்லை, அந்தக் காலைத்தான் பார்த்தார்; சின்ன வயதிலும் அவன் கரையில் அப்படித்தான் நிற்பானாம். பின்னால் போய் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார். "கரையிலை நில்லெண்டால் நிக்கிறேல்லையோடா?" பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் குரங்கு பார்ப்பதுபோலத் திரும்பி நின்றேன். அன்ரனின் குரல் மட்டும் கேட்டது. "எந்தக் கரையிலை அக்கா நிக்கிறது? இஞ்சை திரும்பின பக்கமெல்லாம் கரையாக் கிடக்கு."

ஓய்வு நேரம்

அவர்கள் சேர்ந்து இருந்து சாப்பிடத் தொடங்கும்போது நாலே முக்கால். கோட்டையடிப் புல்தரையில் கரியரைத் திறந்தார்கள். பத்து வருடக் கதையைக் கால் மணி நேரத்தில் எப்படிக் கதைப்பது? நான் வால்டரிடம் ஓடினேன். அவர் பஸ் வாசலில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னேன், பஸ்ஸைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். றீற்றா அக்கா அவர் கையில் ஒரு தட்டைத் திணித்தார். வால்டர் புல்லில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாக யாழ்ப்பாணத்து நண்டோடு மல்லுக்கட்டினார். கடித்தார், உறிஞ்சினார், மூக்கைத் துடைத்தார், கண்ணைத் துடைத்தார். ஐந்து மணி வந்து போனது.

ஆறு மணியளவில் நான்தான் பயந்து, புறப்படுவோமா என்று கேட்டேன். வால்டர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அக்காவும் தம்பியும் இன்னும் கதைத்துக்கொண்டிருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு புல்லில் மல்லாந்து படுத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். "சட்டப்படி சாரதிக்கு ஓய்வு கட்டாயம். இவ்வளவு நேரமும் நான் நண்டு சாப்பிட்டேன், அது வேலை. ஓய்வு இப்போதுதான் தொடங்குகிறது."

பார்க்கவேண்டிய புராதனச் சின்னங்கள் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு நான் அந்த ஊரில் குடை பிடித்து நின்றேன். எங்கள் சனம் பார்க்க வந்த சின்னங்கள் மட்டும் பாரிஸ் ரயிலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.